ஞாயிறு வாசகங்களை வாரம் முழுவதும் தியானிப்பது எப்படி

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என நான்கு பகுதிகள் காதில் விழுகின்றன. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்வதற்குள் முதல் வாசகம் பாதி போயிருக்கும். அல்லேலூயாவுக்கு எழுந்து நிற்கும்போது, இப்போது வாசித்த இரண்டாம் வாசகம் எந்தத் திருமுகம் (திருத்தூதர் கடிதம்) என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். இதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. முதன்முறையாகக் கேட்கும் பகுதியை அந்த இடத்திலேயே தியானிக்க யாராலும் முடியாது. வீட்டில் நாலைந்து முறை வாசித்துவிட்டுப் போனால், கோவிலில் கேட்கும் அந்த ஒருமுறை பிடிபடும்.

நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் போதும். கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே ஒன்று: வாசகம் என்ன சொல்கிறது என்று பார்த்து முடிக்கும்வரை, ‘இது எனக்கு என்ன சொல்கிறது’ என்ற கேள்வியைக் கையில் எடுக்கக் கூடாது. ஞாயிறு தியானம் வழி தவறுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

எந்த ஆண்டு, எந்த ஞாயிறு

கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், விவிலியக் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடப்பட வேண்டும் என்று கேட்டது. அதன்படி 1969இல் வந்ததுதான் இன்றைய வாசக ஒழுங்கு. ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுற்று. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. சில பங்குகளில் ஏ, பி, சி ஆண்டு என்று சொல்வார்கள். யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. தவக்காலத்திலும், உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கும் பாஸ்கா காலத்திலும் அவர் அதிகம் வருவார். மாற்கு அளவில் சிறியது என்பதால், இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் (சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்கள்) 17 முதல் 21 வரையுள்ள ஐந்து ஞாயிறுகளிலும் யோவான் 6ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்.

ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு: ஆண்டு எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி 1 என்றால் முதல் ஆண்டு, 2 என்றால் இரண்டாம் ஆண்டு, மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு. 2026ஐ வகுத்தால் மீதி 1, ஆகவே மத்தேயு. திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலம் முதல் ஞாயிறில் தொடங்குகிறது. 2026 நவம்பர் 29 அன்றே இரண்டாம் ஆண்டு பிறந்துவிடும். டிசம்பரில் பழைய ஆண்டின் வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தியானிப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொரு குழப்பம் வார நாள்களால் வருவது. வார நாள் திருப்பலிக்கு இரண்டு ஆண்டுச் சுற்று: ஒற்றைப்படை ஆண்டு முதல் ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு இரண்டாம் ஆண்டு. ஆக 2026இல் ஞாயிறுக்கு முதல் ஆண்டு, திங்கள் முதல் சனி வரை இரண்டாம் ஆண்டு. நாட்காட்டியில் ‘இரண்டாம் ஆண்டு’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஞாயிறுக்கு மாற்கைத் திறக்காதீர்கள்.

பெருவிழா ஒன்று ஞாயிறில் விழுந்தால் பொதுக்கால வாசகம் விலகிக்கொள்ளும். 2026 நவம்பர் 1 ஞாயிறு. அன்று பொதுக்காலம் 31ஆம் ஞாயிறுக்குப் பதில் புனிதர் அனைவர் பெருவிழா. ஆகவே திங்கள் அன்றே பங்கின் நாட்காட்டியையோ திருவழிபாட்டு நாட்காட்டியையோ பார்த்து நான்கு பகுதிகளின் அதிகார, வசன எண்களையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கைபேசியில் தேடியெடுத்து வாசிப்பதைவிட, எண்ணை எழுதிவைத்துத் திருவிவிலியத்தைப் புரட்டுவது நல்லது. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

திருவிவிலியம் எது என்பதும் முக்கியம். வீட்டில் இருப்பது சீர்திருத்த சபையினர் பயன்படுத்தும் பதிப்பு என்றால், சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம், மக்கபேயர் போன்ற நூல்கள் அதில் இருக்காது. முதல் ஆண்டு பொதுக்காலம் 16ஆம் ஞாயிறின் முதல் வாசகம் சாலமோனின் ஞானம் 12. 24ஆம் ஞாயிறின் முதல் வாசகம் சீராக். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கோவிலில் காதில் விழும் நடையும் ஏறக்குறைய அதுவே.

எந்த வாசகம் எதனோடு சேரும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் தியானிக்க உட்கார்ந்தால் நேரம் வீணாகும். பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்திக்கு இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பதிலுரைப் பாடல் முதல் வாசகத்துக்குப் பதில். இரண்டாம் வாசகமோ தன் போக்கில் போவது. ஒரு திருமுகத்தை எடுத்துக்கொண்டு வாராவாரம் தொடர்ந்து வாசிப்பார்கள். நற்செய்தியோடு அதற்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தற்செயலாகப் பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் இழுத்துப் பிடித்துக் கட்டிப்போட வேண்டாம். மூன்று வாசகங்களுக்கும் பொதுவாக ஒரே ‘மையக்கருத்து’ கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம், நல்ல மறையுரைகளைக்கூடக் கெடுத்திருக்கிறது.

மற்றக் காலங்களில் விதி மாறும். திருவருகைக் காலத்திலும் பெருவிழாக்களிலும் மூன்றும் சேர்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அங்கே தொடர்பைத் தேடலாம், கிடைக்கும். தவக்காலத்தின் முதல் வாசகம் மீட்பு வரலாற்றின் பெரிய கட்டங்களைத் தொட்டுக்கொண்டு தன் வழியில் போகும். பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது, திருத்தூதர் பணிகள்தான்.

கையில் என்ன வேண்டும்

திருவிவிலியம், ஒரு 80 பக்க நோட்டு, பென்சில். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். விளக்கவுரை நூல் இருந்தால் நல்லது. ஆனால் வியாழன்வரை அதைத் திறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘ஞாயிறு சிந்தனை’களும் அப்படியே. முதலிலேயே பிறருடைய மறையுரையை வாசித்துவிட்டால், பிறகு வாசகத்தில் அவர் சொன்னது மட்டுமே கண்ணில் படும். நீங்களாகப் பார்த்திருக்கக்கூடியது பிறகு வராது.

இடம் பெரிய விஷயமில்லை. நேரம்தான் முக்கியம், தினமும் ஒரே நேரம். இரவு பத்தரைக்கு மேல் வைத்தால் மூன்றாம் நாள் தூக்கம் வென்றுவிடும்.

ஒரு ஞாயிறை எடுத்துக்கொள்வோம்

2026 செப்டம்பர் 20, பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. எசாயா 55:6-9, திருப்பாடல் 145, பிலிப்பியர் 1:20-24, 27, மத்தேயு 20:1-16. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை.

திங்கள்: நற்செய்தி மட்டும். வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் தெரிந்த கதையைத் தாண்டிப் போய்விடும். மூன்றாம் முறை பென்சிலோடு வாசியுங்கள். யார் பேசுகிறார், யார் பேசவில்லை, எது திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே கதை எதிர்பார்த்தபடி போகவில்லை? இந்த நான்கை மட்டும் குறியுங்கள். விளக்கம் எழுத வேண்டாம்.

இந்த உவமையில் என்னென்ன அகப்படும்? நிலக்கிழார் ஐந்து முறை வெளியே போகிறார்: விடியற்காலை, ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று, ஐந்து. அவரிடம் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார் என்பது 8ஆம் வசனத்தில்தான் தெரிகிறது. ஆளை அனுப்பியிருக்கலாம், ஆனாலும் அவரே போகிறார். விடியலில் வந்தவர்களோடு மட்டும்தான் ஒரு தெனாரியம் என்று கூலி பேசுகிறார். ஒன்பது மணிக்காரர்களிடம் உரிய கூலி தருவதாகச் சொல்கிறார். ஐந்து மணிக்காரர்களிடம் கூலிப் பேச்சே இல்லை. போங்கள் என்கிறார், போகிறார்கள். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்; எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம்தான் கிடைக்கிறது. முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் முணுமுணுப்பே எழுந்திருக்காது, அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். கடைசியில், நான் நல்லவனாய் இருப்பதால் உமக்குப் பொறாமையா என்ற கேள்வியோடு நிலக்கிழாரின் பேச்சு நிற்கிறது. அந்த வேலையாள் என்ன பதில் சொன்னார் என்று மத்தேயு எழுதவில்லை.

இத்தனையும் விளக்கவுரை இல்லாமல், பென்சிலோடு வாசித்தாலே கிடைப்பவை. திங்கள் வேலை அவ்வளவுதான்.

செவ்வாய்: முன்னும் பின்னும். கைபேசியில் வாசகத்தை மட்டும் எடுத்தவர் இழப்பது இந்த நாளைத்தான். முந்தின ஞாயிறின் நற்செய்தி மத்தேயு 18:21-35. இந்த ஞாயிறு 20:1. இடையில் 19ஆம் அதிகாரம் முழுவதும் ஞாயிறு வாசகத்தில் வராமல் தாண்டிப்போகிறது. அதைத் திறந்து பாருங்கள். செல்வரான இளைஞர் வருத்தத்தோடு போகிறார். உடனே பேதுரு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறார் (19:27). அதற்கு இயேசு சொல்லும் பதிலின் தொடர்ச்சிதான் உவமை. இனி உவமைக்குப் பின்னால் போங்கள். 20:20இல் செபதேயுவின் மக்களின் தாய் வந்து, தம் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார். அடுத்த ஞாயிறின் நற்செய்தி 21:28இல் தொடங்குவதால் இதுவும் முதல் ஆண்டின் ஞாயிறுகளில் காதில் விழாது.

ஆக, ‘எங்களுக்கு என்ன?’ என்ற கேள்விக்கும் ‘எங்களுக்கு எந்த இடம்?’ என்ற கேள்விக்கும் நடுவில் இந்த உவமை உட்கார்ந்திருக்கிறது. காலையிலேயே வந்து வெயில் தாங்கிய வேலையாள் யார் என்று இப்போது தெரிகிறது. சீடர்கள்தாம். இதைக் கவனிக்காமல், காலையில் வந்தவர் யூதர், மாலையில் வந்தவர் கிறிஸ்தவர் என்று வாசித்துவிட்டு யூதரை மட்டம்தட்டும் விளக்கங்கள் உண்டு. கடவுள் யூதரைக் கைவிட்டார் என்பது போலச் சொல்லக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘நொஸ்திரா ஏத்தாத்தே’ அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. சுற்றியுள்ள அதிகாரங்களை வாசித்தால் அந்தத் தவறு நேரவே நேராது.

அன்றாட வாழ்வின் பின்னணியும் இந்த நாளுக்கு உரியது. தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அன்றைய கூலியை அன்றே, பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்டம் 24:15. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தைக் கற்பனை செய்ய நமக்குக் கஷ்டமில்லை. காலை ஆறரை மணிக்கு ஊர் முக்கில் கொத்துக்கரண்டியோடு நிற்கும் கொத்தனார்களையும் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கும் சித்தாள்களையும் நாம் பார்க்கிறோம். திடகாத்திரமானவர்கள் முதல் வண்டியிலேயே ஏறிவிடுவார்கள். பத்து மணிக்கும் அங்கே நிற்பவர் யார்? வயதானவர், கால் சரியில்லாதவர், மேஸ்திரிக்குப் பழக்கமில்லாதவர். மாலை ஐந்து வரை நிற்பவரைச் சோம்பேறி என்று உவமை சொல்லவில்லை. எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்ற அவர்கள் பதிலை நிலக்கிழார் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கும் வயிறுகளுக்கு ஒரு மணி நேரக் கூலி எந்த மூலைக்கு?

புதன்: முதல் வாசகமும் பதிலுரைப் பாடலும். நற்செய்தியை மனதில் வைத்துக்கொண்டு எசாயாவை வாசியுங்கள். ‘என் எண்ணங்கள் உங்கள் எண்ணங்கள் அல்ல’ என்ற வசனம் எல்லாருக்கும் தெரியும்; சாவு வீட்டிலும் விபத்து நடந்த வீட்டிலும் ஆறுதலாகச் சொல்வார்கள். ஆனால் அது ‘ஏனெனில்’ போட்டு முந்தின வசனத்தோடு கோத்தது. முந்தின வசனம் என்ன? தீயவர் தம் வழியை விட்டுத் திரும்பட்டும், மன்னிப்பதில் கடவுள் தாராள மனத்தினர் என்பது. அந்த இடத்தில் கடவுளின் எண்ணம் நமக்கு எட்டாதது துன்பத்தைக் குறித்து அல்ல, தாராளத்தைக் குறித்து. நாம் கணக்குப் பார்க்கும் இடத்தில் அவர் பார்ப்பதில்லை. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்குச் சொன்ன சொல் அது. இந்த உவமையோடு இந்தப் பகுதியை ஏன் சேர்த்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

திருப்பாடல் 145ஐ முழுவதும் வாசியுங்கள். கோவிலில் ஆறு வசனங்கள்தாம் வரும். எசாயா, அவர் அண்மையில் இருக்கும்போதே மன்றாடுங்கள் என்கிறார். திருப்பாடலோ, தம்மை நோக்கி மன்றாடும் யாவருக்கும் ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்கிறது. பதிலுரை என்றால் இதுதான். 17ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்: ஆண்டவரின் நீதியும் இரக்கமும் அங்கே ஒரே வசனத்தில் அருகருகே நிற்கின்றன. நிலக்கிழார் நீதியாய் நடந்தாரா, இரக்கமாய் நடந்தாரா என்று உவமையைக் கேட்டவர்கள் அடித்துக்கொள்ளும் அதே இடம். பதிலுரையின் பல்லவியை மனப்பாடம் செய்துவிடுங்கள். பேருந்தில், அடுப்படியில், வரிசையில் நிற்கும்போது சொல்லிக்கொள்ள வாரத்துக்கு ஒரு வரி.

வியாழன்: இரண்டாம் வாசகம், பிறகு விளக்கவுரை. பிலிப்பியர் திருமுகம் 25 முதல் 28 வரை நான்கு ஞாயிறுகளில் தொடர்ந்து வருகிறது. ஞாயிறுப் பகுதியை மட்டும் வாசிப்பதைவிட, தொடங்கும் வாரத்தில் திருமுகம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவது நல்லது. நான்கே அதிகாரங்கள், 104 வசனங்கள். சிறையில் இருந்துகொண்டு, வாழ்வதா சாவதா எது மேல் என்று யோசிக்கும் பவுலின் குரல் அப்போதுதான் கேட்கும். உவமையோடு அதைப் பொருத்த முயல வேண்டாம். அடுத்த மூன்று வாரமும் அது தன் வழியில் வளரும். ஞாயிறுக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு நகருங்கள்.

வசன எண்களில் இடைவெளி இருந்தால், இங்கே 20-24க்குப் பிறகு 27 என்று இருப்பதுபோல், விட்டுப்போனதை வாசிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சிலசமயம் நீளம் குறைக்க விட்டிருப்பார்கள். சிலசமயம் பொருள் இழப்பு உண்டு: முதல் ஆண்டு 20ஆம் ஞாயிறில் எசாயா 56இன் 1ஆம் வசனத்துக்குப் பிறகு 6க்குத் தாவுவார்கள். நடுவில் அண்ணகருக்கு (ஆண்மை நீக்கப்பட்டவருக்கு) கடவுள் தரும் அழகான வாக்குறுதி ஒன்று இருக்கிறது.

விளக்கவுரையை இப்போது திறக்கலாம். திங்கள் எழுதிய கேள்விகளில் பதில் கிடைக்காதவற்றுக்கு மட்டும். அரை மணிக்கு மேல் அதில் மூழ்கினால் அது படிப்பாகிவிடும். படிப்பு நல்லதுதான், ஆனால் வேறு நாளில்.

வெள்ளி: செபம். 12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியன் துறவி இரண்டாம் கீகோ, இறைவாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக எழுதினார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் அமைதியாய்த் தங்குதல். இதுவரை செய்தது முதல் படியும் கொஞ்சம் இரண்டாம் படியும். இன்றுதான் ‘எனக்கு’ என்ற சொல் உள்ளே வருகிறது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி இதுபோன்ற கதைப் பகுதிகளுக்குப் பொருந்தும். கண்ணை மூடி, ஊர் முக்கில் நில்லுங்கள். ஒரே ஓர் ஆளாக மட்டும்: விடியலில் ஏறியவராகவோ, ஐந்து மணி வரை நின்றவராகவோ, காசை எண்ணிக்கொடுக்கும் மேற்பார்வையாளராகவோ. எல்லாராகவும் மாறி மாறிப் பார்த்தால் மனம் நாடகம் பார்க்கும், செபிக்காது. யாருடைய இடத்தில் நிற்க உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அவரைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் வேலை இருக்கும். பத்து நிமிடம். பிறகு ஆண்டவரிடம் பேசுங்கள். எத்தனை வருடம் பாடற்குழுவில் பாடினேன், நேற்று வந்தவரை மேடையில் ஏற்றுகிறார்களே என்ற வயிற்றெரிச்சல் வந்தால் அதையே சொல்லுங்கள். திருப்பாடல்களில் முறையீட்டுக்குப் பஞ்சமில்லை. அவற்றை எழுதியவர்களைக் கடவுள் துரத்திவிடவில்லை. பேசி முடித்தபின் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாமல் இருங்கள். மனம் ஓடினால் மனப்பாடம் செய்த பல்லவியை ஒருமுறை சொல்லித் திரும்புங்கள். ஒன்றும் தோன்றவில்லை என்பது தோல்வி இல்லை.

சனி: ஒரு செயல். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல் எழுதிய ‘வெர்பும் தோமினி’ ஊக்கவுரையில், இறைவாசிப்பு செயலில் போய்ச் சேராதவரை முடிவடையாது என்கிறார். செயல் என்றால் ‘தாராளமாக இருப்பேன்’ அல்ல. அதை அடுத்த சனிக்கிழமை சரிபார்க்க முடியாது. ‘வீட்டு வேலைக்கு வருகிற அக்கா காய்ச்சலில் வராத இரண்டு நாளுக்கும் சம்பளம் பிடிக்க மாட்டேன்’ என்றால் சரிபார்க்கலாம். ஒன்று போதும். நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.

ஞாயிறு அன்று

கோவிலில் திருவிவிலியத்தையோ கைபேசியையோ திறந்து கூடவே வாசிக்காதீர்கள். வாரம் முழுவதும் கண்ணால் வாசித்தது இன்று காதால் வர வேண்டும். வாசகரின் குரலில் நீங்கள் தாண்டிப்போன ஒரு சொல் திடீரென்று தைக்கும். மறையுரையில் நீங்கள் யோசித்தது வருகிறதா என்று மதிப்பெண் போட உட்காராதீர்கள். நன்றாகத் தயாரித்துப் போகிறவர்களுக்கு வரும் சோதனை இது. அருள்பணியாளர் வேறு பக்கம் போனால், அந்தப் பக்கம் நீங்கள் பார்க்காதது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சாப்பாட்டுக்கு முன் ஒரு வரி எழுதிவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு அது நினைவில் நிற்காது.

அடிக்கடி நேரும் பிழைகள்

முதலாவது, கதைக்குக் கீழே பள்ளிப் பாடநூல்போல ‘நீதி’ எழுதுவது. ‘பொறாமை கூடாது’ என்று எழுதியதும் உவமை மூடிக்கொள்ளும். மத்தேயுவே கேள்வியோடு விட்டிருக்கும்போது நமக்கென்ன அவசரம்?

அடுத்தது, உவமையின் ஒவ்வொரு பொருளுக்கும் மறைபொருள் ஒட்டுவது. தோட்டம் திருச்சபை, தெனாரியம் நற்கருணை, ஐந்து நேரம் ஐந்து யுகம் என்று போனால் முடிவே இல்லை. பழைய திருச்சபைத் தந்தையர் சிலர் இப்படி விளக்கியதுண்டு. அவர்களுக்கு முழு விவிலியமும் நாவில் இருந்தது. நிலக்கிழாரையும் அப்படியே கடவுளாக்கிவிட்டு, முதலாளி விருப்பப்படி கூலி தரலாம் என்று முடிவெடுப்பதும் உண்டு. உவமையில் ஒருவர்கூடப் பேசிய கூலிக்குக் குறைவாக வாங்கவில்லை.

மூன்றாவது, பிறருக்காகத் தியானிப்பது. ‘இதை என் நாத்தனார் கேட்க வேண்டும்’ என்று தோன்றினால், வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிப் போங்கள்.

காலத்துக்கு ஏற்ற மாற்றம்

முதல் ஆண்டின் தவக்காலம் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் யோவான் 4, 9, 11 வருகின்றன: சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர். ஒவ்வொன்றும் ஓர் அதிகார அளவு நீளம். திங்கள், செவ்வாய் இரண்டையும் நற்செய்திக்கே கொடுத்து, காட்சி காட்சியாகப் பிரித்து வாசியுங்கள். குருத்து ஞாயிறின் பாடுகளின் வரலாற்றுக்கு வாரம் முழுவதும்கூடப் போதாது. ஒரு கட்டத்தை மட்டும் எடுங்கள், பேதுருவின் மறுதலிப்பு அல்லது சீரேனே ஊர்ச் சீமோன் சிலுவை சுமந்த இடம். பாஸ்கா காலத்தில் திருத்தூதர் பணிகளைத் தொடர்கதையாக வாசிப்பது மூன்று வாசகங்களையும் இணைக்கப் பாடுபடுவதைவிடப் பலன் தரும்.

வீட்டிலும் அன்பியத்திலும்

குடும்பமாகச் செய்தால் சனி மாலை 15 நிமிடம், நற்செய்தி மட்டும். பிள்ளைகளிடம் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்காதீர்கள். அவர்கள் ஆசிரியருக்குச் சொல்லும் விடையைச் சொல்வார்கள். ‘இதில் யாருக்குக் கோபம் வந்தது? உனக்கு வந்திருக்குமா?’ என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை, அது அநியாயம்தான் என்று நிலக்கிழாரோடு சண்டைக்குப் போகும். போகட்டும், சமாதானப்படுத்தாதீர்கள்.

பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்த ஏழு படி முறை பலருக்கும் பழக்கம்: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லுதல், அமைதி, பகிர்தல், செயலைத் தீர்மானித்தல், செபம். 45 நிமிடத்தில் முடிக்கலாம். அது கெட்டுப்போவது இரண்டு இடங்களில். மூன்றாம் படியில் சொல்லை மட்டும் சொல்ல வேண்டும், விளக்கம் கூடாது. ஒருவர் விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்லத் தொடங்குவார்கள். ஐந்தாம் படியில் ‘நாம் எல்லாரும்’ என்று தொடங்கும் வாக்கியம் மறையுரையாக முடியும். வழிநடத்துபவர் மென்மையாக, ‘அண்ணே, உங்களுக்கு எந்தச் சொல் பட்டுச்சு? அதை மட்டும் சொல்லுங்க’ என்று திருப்பிவிட வேண்டும். நான்காம் படியின் அமைதிக்கு மூன்று நிமிடம் என்று சொல்லிவிட்டு நாற்பது விநாடியில் முடித்துவிடுவதும் வழக்கம், கடிகாரத்தைப் பாருங்கள்.

வாரம் கைவிட்டுப் போனால்

சனி இரவு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், நற்செய்தியை வாய்விட்டு இரண்டு முறை, அதற்கு முந்தைய பத்து வசனங்களை ஒருமுறை, முதல் வாசகத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, ஒரு கேள்வியை மட்டும் நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். இரண்டாம் வாசகத்தைக் கோவிலில் கேட்டுக்கொள்ளலாம். விட்டுப்போன வாரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம், இரண்டும் கெடும்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தின் மேலே ஞாயிறின் பெயர், ஆண்டு, தேதி. கீழே வாசக எண்கள், கேள்விகள், ஒரு வரி, கட்டம் போட்ட செயல். மத்தேயுவின் இதே வேலையாள்கள் 2029 செப்டம்பர் 23 அன்று மறுபடியும் வருவார்கள். அந்தத் திங்களன்று பழைய பக்கத்தைத் திறக்க வேண்டாம். முதலில் புதிதாகப் பென்சிலோடு வாசித்துவிட்டு, வியாழக்கிழமை விளக்கவுரையோடு சேர்த்து அதையும் எடுத்துப் பாருங்கள்.